பங்குக் கிணற்றுக்கு வாங்கிய மண் வடிகட்டி

என் அன்பு மச்சாள் யோகம்,

நீ போய் ஒரு வருடமாகி, உனக்கு ஆட்டைத் திவசம் வருகிறது. நினைவு மலரில் போட நாலு வரி எழுதித் தாருங்கள் என்று உன் மகள் சுகந்தி வந்து கேட்டாள். விளக்கு அணைந்தது, விழிநீர் காயவில்லை என்று எழுத எனக்கு வராது என்றேன். "உங்களுக்கு என்ன வருதோ அதை எழுதுங்கோ மாமி. ஆனா ஆரையும் பேசி எழுதாதேங்கோ," என்றாள். ஒருவரையும் பேசாமல், ஏசாமல் என்னால் எழுத முடியுமோ தெரியவில்லை. பார்ப்போம்.

உன்னைப் பற்றி எழுதுவதைவிட உனக்கு எழுதுவது எனக்குச் சுலபம். வாசிக்கிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கட்டும். நீ இருந்த காலத்தில் நாங்கள் கதைத்ததையும் ஊர் அப்படித்தானே கேட்டது?

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ காலஞ்சென்ற என் தம்பியின் மனைவி. வட்டுக்கோட்டையிலிருந்து கலியாணம் முடித்து உடுவிலுக்கு வந்தவள். எங்களைப் பெற்ற ஐயா காணியைப் பிரித்தபோது வடக்குப் பாதி தம்பிக்கு, தெற்குப் பாதி எனக்குச் சீதனம். கிணறு நடுவில். வேலி கிணற்றுக் கட்டில் வந்து முடிந்து, அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்கும். உன் பக்கத்தில் உன் மோட்டர், என் பக்கத்தில் என் மோட்டர், இரண்டு குழாயும் ஒரே தண்ணீருக்குள். "கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் பாவனை உரிமையும்" என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருப்பதை நான் அப்படியே பாடமாக்கி வைத்திருக்கிறேன். "மச்சாள் தேவாரத்தை மறந்தாலும் உந்த உறுதியை மறக்கமாட்டா," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். சிரித்தால் சிரி. பாடமாக்கினது நல்லதாய்ப் போயிற்று என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு குறை. நீ போன செய்தியை எனக்குக் கடைசியாகத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கனடாவில் இருக்கிற உன் மகன் கண்ணனுக்குப் போய், அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குக் கடல் தாண்டி வந்த செய்தி. அதை நான் மறக்கமாட்டேன். எழுதியாயிற்று, இனி அதை விடுகிறேன்.

முப்பத்தோராம் நாள் உன் அந்தியேட்டிக்காக வீடு கழுவிக் கிணறு இறைத்தார்கள். செத்தவீட்டுத் துடக்கு, தீட்டுக் கழியக் கிணறு இறைப்பது எங்கள் வழக்கம். அதில் எனக்கு மறுப்பில்லை. இறைத்த விதத்தில்தான் மறுப்பு. ஒப்புக்கு இறைத்தால் போதாது, அடி தெரிய இறைக்க வேண்டும் என்று கண்ணன் சொல்லிவிட்டானாம். ஆட்கள் வந்து உன் மோட்டரைப் போட்டு, உன் குழாயை நீட்டி அடிவரை இறக்கி, வற்ற வற்ற இறைத்தார்கள். பிறகு உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். வாளி, கயிறு, பிள்ளைகளின் பந்து எல்லாம் வெளியே வந்தன. நான் எடுத்ததாக நீ ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த அந்தச் சின்னச் செம்பும் வந்தது. அதைச் சுகந்தியின் கையில் கொடுத்து, நல்ல வடிவாய்ப் பார் என்றேன்.

என் குழாயில் மட்டும் ஒருவரையும் கைவைக்க விடவில்லை. "அம்மா, இதையும் இறக்கினாக் கெதியா வத்தும்," என்று ஒருவன் கேட்டான்.

"என்ரை அரைப்பங்கை நான் பிறகு வத்தப்பண்ணுறன். நீ உன்ரை வேலையைப் பார்," என்றேன்.

ஒரு கிணற்றில் பாதியை எப்படி வற்றப்பண்ணுவது என்று யோசித்துக்கொண்டே அவன் போனான்.

அடுத்த நாள் ஊற்று எழும்பியது. எங்கள் நிலம் உனக்குத் தெரியும். மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். அடியைக் கலக்கினால் அரிசி கழுவின தண்ணீர் மாதிரித்தான் வரும். பொறுத்தால் தெளியும். ஆனால் பொறுக்க ஆள் இல்லை. உனக்கு இன்னொரு செய்தி சொல்ல மறந்துவிட்டேன். சுகந்தி வவுனியாவிலிருந்து இடமாற்றம் எடுத்துக்கொண்டு, புருஷனோடும் மகளோடும் உன் வீட்டுக்கே வந்துவிட்டாள். உன் வீடு பூட்டிக் கிடக்கவில்லை, யோகம். விடிய அந்தப் பக்கத்தில் தேத்தண்ணிக் கேத்தில் மூடி விழுகிற சத்தம் கேட்கிறது. எனக்கு அது போதும். அவளிடம் சொல்லிவிடாதே.

குடி வந்தவுடன் அவள் குழாயைத் திறக்க, வந்தது வெள்ளைத் தண்ணீர். பயந்துபோய் ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு ஆகச் சின்னக் கண் உள்ள வடிகட்டிதான் சரிவரும் என்று எடுத்துக் கொடுத்தார். நேற்றுத்தான் கிணறு இறைத்தது என்று இவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தண்ணீர் வடிகட்டி வாங்க வந்த பிள்ளையிடம், உங்கள் வீட்டில் செத்தவீடு நடந்ததா என்று யார் கேட்பார்?

இந்த வடிகட்டி என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு கூடு. அதற்குள் நூல் சுற்றினது மாதிரி ஒரு வெள்ளை உருளை. மோட்டரிலிருந்து வருகிற தண்ணீர் அந்த உருளையின் வெளிப்பக்கத்தால் புகுந்து நடுவால் வெளியேறும். மண் வெளியில் ஒட்டிக்கொள்ளும். உருளையில் மைக்ரோன் என்று ஒரு எண் போட்டிருக்கும். எண் சின்னதானால் கண்ணும் சின்னது. அவள் வாங்கியது ஒரு மைக்ரோன். ஆகச் சின்னது ஆக நல்லது என்று நினைத்துவிட்டாள். சல்லடையால் சலிக்க வேண்டிய குரக்கன் மாவைப் பட்டுத் துணியில் போட்டுச் சலித்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. உருளை சேறு பூசின தேங்காய் மாதிரி அடைத்துப் போயிற்று. மோட்டர் முனகுகிறது, மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கிக்கு ஒன்றும் ஏறவில்லை. இன்னொன்று வாங்கினாள். அதுவும் அடைத்தது. பிறகும் ஒன்று. கடைசியில் உருளையைக் கழற்றிவிட்டு, வந்த தண்ணீரை அப்படியே எடுத்தாள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் மோட்டருக்கு நானே வயர் பூட்டியவள், அதோடு வந்த இங்கிலிஸ் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தவள் என்று உன் பிள்ளைகளுக்குத் தெரியாதா? சுகந்தியின் முற்றத்தில் அடைத்த உருளைகள் வரிசையாய்க் காயக் கிடந்ததைப் பார்த்துத்தான் நான் கேட்டேன்.

"என்ன பிள்ளை உது, வடகமோ?"

"மாமி, பகிடி விடாதேங்கோ. எங்கடை கிணறு முடிஞ்சுது."

"ஆர் சொன்னது?"

"கண்ணன் அண்ணை. அடி ஊத்து உடைஞ்சிருக்குமாம். குழாய்க் கிணறு அடிக்கச் சொல்லுறார். மிசின்காரரோடையும் கதைச்சிட்டார்."

"அவன் அங்கையிருந்து கிணத்துக்கை எட்டிப் பாத்தவனோ?"

"இஞ்சையிருந்து நான் பாக்கிறன்தானே? மேலை தெளிஞ்சு கிடக்கு. பைப்பைத் திறந்தாச் சேறு. உங்களுக்கு எப்பிடி வருது?"

"எனக்கு நல்ல தண்ணி வருது."

"ஓம், உங்களுக்கு எப்பவும் நல்லதுதான் வரும்," என்றுவிட்டு உள்ளே போனாள். நான் பொய் சொல்லுகிறேன் என்று நினைத்தாள். நீ முகத்தைத் திருப்புகிற மாதிரியே திருப்பினாள், அச்சொட்டாய்.

யோகம், குழாய்க் கிணறு என்றால் என்ன என்று உனக்கும் தெரியும். எங்களுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல்தான் மிதந்துகொண்டிருக்கிறது. ஆழமாய்த் துளைத்து இழுத்தால் கீழே இருப்பது மேலே வரும். பக்கத்துத் தெரு ஒழுங்கையில் ஒரு வீட்டில் அடித்து, கொஞ்சக் காலம் நல்ல தண்ணீர் குடித்து, இப்போது உப்பு ஏறி, அந்த வீட்டார் குடிதண்ணீருக்குப் பிளாஸ்டிக் கானோடு திரிகிறார்கள். உப்பு அவர்களுடைய குழாயோடு நிற்குமா? கிணற்றில் எனக்கு அரைப்பங்கு இருக்கிறது. ஊற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எந்த உறுதியிலும் எழுதவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அந்த நேரம் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சுகந்தி தனியாய் ஒரு கிணறு எடுத்துவிட்டால் அவள் கிணற்றடிக்கு வரமாட்டாள். அந்தப் பக்கம் மதில் வரும். பிறகு நான் யாரோடு கதைப்பது?

துளைக்கிற லொறி வருகிற நாள் காலையில், ஒரு கதிரையும் குடையும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஒழுங்கையின் நடுவில் இருந்தேன். ஒழுங்கையும் பொதுதான். வழிவாய்க்கால் பாவனை. லொறிச் சாரதி பெரிய மனுசன் மாதிரித் தலையை வெளியே நீட்டினான்.

"அம்மா, கொஞ்சம் அரக்கி, அங்காலை தள்ளி இருங்கோ."

"எனக்கு முழங்கால் ஏலாது தம்பி. இருந்தா இருந்ததுதான். நீ லொறியை அரக்கு."

"எங்கை அரக்கிறது?"

"பின்னுக்கு. நேரே போனா மருதனாமடம். அங்கை தேத்தண்ணி குடிச்சிட்டு வீட்டை போ."

சுகந்தி ஓடி வந்தாள். வேலைக்குப் போகச் சேலை உடுத்திருந்தாள். தலை மட்டும் பாதிதான் காய்ந்திருந்தது, காய்ந்த முடியில் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு பூத்திருந்தது.

"மாமி, சனம் பாக்குது. எழும்புங்கோ."

"பாக்கட்டும். அதுகளுக்கும் பொழுது போகவேணும்."

"என்ரை பிள்ளை கிழமைக்கணக்காச் சேத்துத் தண்ணியிலை குளிக்குது. பள்ளிக்கூடத்திலை வெள்ளைச் சட்டையைக் காட்டி ரீச்சர் கேக்கிறா. உங்களுக்குக் கிணறுதான் பெரிசு, நாங்கள் இல்லை. அம்மா இருந்திருந்தா என்ரை பக்கம் நிண்டிருப்பா!"

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. வாய் வந்துவிட்டது. "பிள்ளை, உன்ரை கொம்மா இருந்திருந்தா உந்தக் கிணத்தை ஆர் இறைச்சிருக்கப் போறாங்கள்?"

அவள் அப்படியே நின்றாள். லொறிக்காரன் இயந்திரத்தை நிறுத்தினான். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது, அந்தப் போத்தலில் தான் கடைக்குக் கொண்டுபோனது எந்த நாள் தண்ணீர் என்று. உனக்காகக் கலக்கின தண்ணீர். அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாரதியிடம், இன்னொரு நாளைக்குச் சொல்லுகிறேன் என்றாள்.  பிறகு என் கதிரையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

"இன்னொரு நாள்" என்றுதான் சொன்னாள், கவனித்தாயா? வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்னேரம் நான் இரண்டு கண்ணாடிப் போத்தல் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றில் என் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவள் குழாய்த் தண்ணீர். குலுக்கி, அசையாமல் அவளுடைய சமையல் குசினி யன்னலில் வைத்தேன். உடனே அடியில் விழுவது மணல். மறுநாள் வரைக்கும் புகை மாதிரி நிற்பது சுண்ணாம்புத் தூள். எது எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் வடிகட்டி வாங்க வேண்டும். இதை நான் அந்த இங்கிலிஸ் புத்தகத்தில் படித்தேன். கொஞ்சம் நானாகவும் யோசித்தேன்.

அடுத்த நாள் என் போத்தல் பளிங்கு மாதிரி இருந்தது. அவளுடையதில் அடியில் ஒரு விரற்கடை சேறு, அதற்குள் கரகரவென்று மணல். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியோ, என்ரை பக்கம் மண்ணே இல்லை," என்றேன்.

அவள் என் பெருமையைக் கணக்கெடுக்கவே இல்லை. இரண்டு போத்தலையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள்.

"மாமி, ஒரே கிணறு. ஒரே தண்ணி. உங்கடையிலை இல்லாத மண் எங்கடையிலை எப்பிடி வந்தது?"

"நான் வெள்ளன எழும்பி எடுக்கிறன். அதாலை இருக்கும்."

"மண் உங்களைக் கண்டு பயந்து பதுங்குதோ?"

இந்த வாய் எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்கத் தேவையில்லை. அவள் உள்ளே போய் உன் அலுமாரிக் கண்ணாடி மாதிரி ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வந்தாள். வெயில் உச்சிக்கு வரும்வரை பொறுத்து, கிணற்றுக் கட்டில் நின்று, வெயிலைக் கண்ணாடியால் திருப்பித் தண்ணீருக்குள் அடித்தாள். வெளிச்சம் அடிவரைக்கும் போனது. நானும் எட்டிப் பார்த்தேன். என் குழாய் தண்ணீருக்கு நடுவில் தொங்குகிறது. அவளுடைய குழாய், கிணறு இறைத்தவர்கள் நீட்டி இறக்கின அந்தக் குழாய், வால்வோடு அடிச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிறது. வேலை முடித்தவர்கள் அதைத் தூக்கிக் கட்டவில்லை. தண்ணீர் எழும்பினதும் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. கிணறு எப்போதோ தெளிந்துவிட்டது. அவள்தான் ஒவ்வொரு நாளும் அடிச் சேற்றை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் என்ரை குழாயிலை கைவைக்க விடேல்லை. அதாலைதான் தப்பினது," என்றேன்.

"ஓம் மாமி. அண்டைக்கு நீங்கள் எங்கடைக்கும் சேத்துக் கத்தியிருக்கலாம்."

அவள் சொன்னது நியாயம்தான். அதனால் பேசாமல் இருந்தேன் என்று நினைக்காதே. "நீ கேட்டிருந்தாத்தானே கத்தியிருப்பன்," என்றேன்.

குழாயைத் தூக்கிக் கட்டினோம். நாலைந்து நாளில் அவளுடைய தண்ணீரும் தெளிந்தது. மறுபடி போத்தல் வைத்துப் பார்த்தோம். இந்த முறை நியாயமான தண்ணீர், கலக்காத தண்ணீர். அப்போதும் அடியில் ஒரு சிட்டிகை மணல் இருந்தது. அதிசயம் என்னவென்றால், என் போத்தலையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவள் பார்த்தபோது அதிலும் நாலு மணல் இருந்தது. "மண்ணே இல்லையெண்டியள்?" என்றாள். என் குழாய் வாயில் நான் கட்டியிருக்கிற வெள்ளைத் துணியை அவள் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்திருக்கிறாள். இது சரியான சோதனை இல்லை என்று நான் இப்போதும் சொல்லுகிறேன்.

பிறகுதான் வடிகட்டிச் சண்டை தொடங்கியது. இந்தச் சண்டையை நீ தவறவிட்டுவிட்டாய். நீ இருந்திருந்தால் இரண்டு பக்கமும் தீ மூட்டிவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்திருப்பாய்.

கம்பி வலை போட்ட வடிகட்டி ஒன்று இருக்கிறது. மணல் வலையில் தடுபட்டுக் கீழே விழும். அடியில் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்துவிட்டால் மணல் வெளியே பாயும். கழற்றிக் கழுவித் திரும்பப் போடலாம், உருளை மாற்றுகிற வேலையே இல்லை. அவளுக்கு அது மட்டும் போதும் என்றேன் நான். அவளுக்கோ தூளும் போகவேண்டும். தூளுக்கு உருளைதான் வேண்டும் என்றாள். இரண்டு நாள் இரண்டு பேரும் மூஞ்சையைத் தூக்கி வைத்திருந்தோம். கடைசியில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாய் என்று முடிந்தது. முதலில் வலை, அது பெரிய மணலைப் பிடிக்கும். பிறகு உருளை, ஒரு மைக்ரோன் இல்லை, இருபது. மணல் முன்னாலேயே நின்றுவிடுவதால் உருளை கெதியில் அடைக்காது. அடைத்தால்கூட எங்களுக்குத் தெரியும். தாங்கி நிரம்ப வழமையாய் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அவள் பார்த்து வைத்திருக்கிறாள். அது இழுபட்டால் உருளை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. கூடும் பெரிய உடம்பாய்ப் பார்த்து வாங்கினோம், தண்ணீர் நெருக்குப்படாமல் போவதற்கு.

உள்ளே தெரிகிற கண்ணாடிக் கூடு வேண்டும் என்று நான் நின்றேன். ஊத்தையைக் கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது? வெயில் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும் என்றாள் அவள். அதிலும் உண்மை இருந்தது. கண்ணாடிக் கூடுதான் வாங்கினோம், ஆனால் அவளுடைய மோட்டர் கொட்டிலுக்குள் நிழலில் பூட்டினோம். யார் வென்றது என்று நீயே சொல்லு.

ஒரு விசயத்தில் இரண்டு பேரும் ஏமாந்தோம். வடிகட்டி பூட்டின அன்று அவள் தண்ணீர் கொதிக்க வைத்தாள். கேத்திலுக்குள் பழையபடி வெள்ளைப் படிவு. அவள் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்து கிடக்கிறது, தேத்தண்ணிக்குள் சீனி மாதிரி. சீனியை எந்த வடியால் வடிப்பது? மண் வடிகட்டி மண்ணைத்தான் பிடிக்கும். உப்பையும் கரைந்த சுண்ணாம்பையும் பிடிக்காது, கிருமியையும் பிடிக்காது. தோட்டத்து உரம் ஊறி வருவதையும் பிடிக்காது. தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் இல்லை. அதனால் சுகந்தி ஒரு போத்தலைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். முடிவு வரும்வரை பிள்ளைக்குக் குடிக்கக் கடைத் தண்ணீர். எனக்கு எங்கள் தண்ணீர்தான். என்னை ஒருவரும் மாற்ற முடியாது, முயற்சி செய்து பார்த்துவிட்டாள்.

பூட்டுகிறபோது, வடிகட்டியைச் சுற்றிப் போகிற மாதிரி ஒரு பக்கக் குழாயும் போடச் சொன்னாள். நல்ல யோசனை, எனக்கு வராத யோசனை. "அடுத்த முறை கிணறு இறைக்கேக்கை வடிகட்டியை மூடிவைச்சிட்டு உந்தப் பக்கக் குழாயாலை தண்ணியை விடலாம், மாமி."

"அடுத்த முறை எண்டா ஆருக்கு? எனக்குத்தானே?"

"மாமி! வாயைக் கழுவுங்கோ."

"கழுவுறன். வடிச்ச தண்ணியோ வடியாத தண்ணியோ?"

அவள் சிரித்துவிட்டாள். உன் அந்தியேட்டிக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்போடேயே தொலைபேசியை எடுத்துத் துளைக்கிற மிசின்காரருக்கு, வேண்டாம், இனி வரவேண்டாம் என்று சொன்னாள். பிறகு கண்ணனுக்கு எடுத்தாள். அவன் ஏதோ நீளமாய்க் கதைத்தான். "அண்ணை, தண்ணி தெளிஞ்சிட்டுது. நீங்கள் வந்து குடிச்சுப் பாருங்கோ," என்று வைத்துவிட்டாள். வருவானோ தெரியாது. வந்தால் நான் பேசவேண்டியதைப் பேசுவேன்.

அன்று பின்னேரம் கிணற்றுக் கட்டில் இருந்தோம். அவள் சொன்னாள், "மாமி, இனி என்னத்துக்கு ரெண்டு மோட்டர்? ஒரு மோட்டர், ஒரு வடிகட்டி, ரெண்டு வீட்டுக்கும் போதும்தானே? உங்களுக்கும் கரைச்சல் இல்லை."

நான் விடுவேனா? "அது சரிவராது. என்ரை பக்கத்துக்கு என்ரை மோட்டர், என்ரை வடிகட்டி. நானும் ஒண்டு வாங்குறன். பங்கு பங்குதான்."

அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "உப்பிடித்தான் சொல்லுவியள் எண்டு அம்மா சொன்னவ," என்றாள்.

"கொம்மா என்ன சொன்னவ?"

"ஆஸ்பத்திரியிலை, கடைசிக் கிழமை. நான் அழுதுகொண்டு நிண்டனான், அங்கை தனிய எப்பிடி இருப்பன் எண்டு. அதுக்கு அம்மா சொன்னவ, 'மாமி பங்கு எண்டு சண்டைக்கு வாற வரைக்கும் உனக்கு ஆள் இருக்கு. அவ சத்தம் போடாமல் இருந்தா, அண்டைக்குத்தான் நீ பயப்பட வேணும்' எண்டு."

 அடுப்பில் ஏதோ எரிகிறது என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். அடுப்பு மூட்டியே இருக்கவில்லை.

ஏன் யோகம், இதை எனக்கு ஒரு நாளும் நேரே சொல்லவில்லை? இத்தனை வருடமும் நான் சண்டை பிடித்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நான் சத்தம் போட்டதும் நீ சிரித்ததற்கு அதுதானா காரணம்? நீ என்னைப் பகிடி பண்ணுகிறாய் என்று எத்தனை நாள் நான் உன்னோடு கதைக்காமல் இருந்தேன். அந்த நாட்களில் நீ பயந்தாயா?

சரி. நீ போய்விட்டாய், பதில் சொல்லமாட்டாய். நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மூச்சு இருக்கும்வரை உன் மகள் பயப்படத் தேவையில்லை. நாளைக்கு விடிந்ததும் தொடங்கிவிடுவேன். வடிகட்டியின் அடிக்குழாயைத் திறந்து அவள் கழுவிவிடுகிற தண்ணீர் முழுவதும் அவளுடைய வாழைக்கே ஓடுகிறது. அது எந்த ஊர் நியாயம்? அதில் பாதி எனக்கு வரவேண்டும்.

உன் கிணற்றின் மறுபாதிக்காரி,
மச்சாள் பரமேஸ்